நாற்பத்தொன்றாம் நெஞ்சு

திங்கட்கிழமை காலைப் பட்டியலில் அறுபது பதிவுகள் வந்திருந்தன. ஐம்பத்தொன்பதுதான் வந்திருக்க வேண்டும்.

அவன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டருக்கும் திங்கட்கிழமை என்றால் சோம்பல் இருக்கத்தானே செய்யும், ஏதோ ஒன்றை இரண்டு தடவை காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டு, டீயை உறிஞ்சியபடியே பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தான். முப்பத்தொன்பது. நாற்பது. நாற்பத்தொன்று. டீ டம்ளரைக் கீழே வைத்தான். நாற்பத்தொன்றாம் எண்காரரைத் தூக்கிக்கொண்டு போய் அன்றோடு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அந்த இதய ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்குக் ‘காது’ என்று பெயர். சிஸ்டர் ‘காதண்ணா’ என்பாள், பெரிய டாக்டர் வெறுமனே ‘காது’ என்பார். கேட்பதுதான் அவன் வேலை. இதயத்தில் உலோக வால்வு பொருத்திக்கொண்டவர்களின் நெஞ்சுக்கு ஒரு சத்தம் உண்டு. வால்வு மூடும்போதெல்லாம் ‘டிக்’ என்று சன்னமாக ஒரு தட்டல், சத்தமில்லாத அறையில் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் கேட்கும். வால்வில் ரத்தம் உறையத் தொடங்கினால் அந்த டிக் மங்கும். ஸ்கேனில் தெரிவதற்கு முன்னாலேயே அது காதில் தெரியுமா என்பதுதான் ஆராய்ச்சி. அதற்காக அறுபது பேர் சேர்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் வீட்டிலும் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி. சாயங்காலம் ஆறரைக்கு அதை நெஞ்சில் அழுத்திப் பொத்தானைத் தட்டி, எண்ணையும் நேரத்தையும் சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். மறுநாள் காலை அவன் அறுபது நெஞ்சையும் கேட்பான்.

இரண்டு நாள் தொடர்ந்து பதிவு வராவிட்டால் போன் செய்ய வேண்டும். எடுக்காவிட்டால் சிஸ்டர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இது சுவரில் ஒட்டியிருந்த விதி. ஒட்டியவனும் அவன்தான்.

நாற்பத்தொன்றாம் எண்காரர் தனியாள். முன்கோபி. பெட்டியை மறந்துவிடுவார், ஞாபகப்படுத்தப் போன் செய்தால், “எனக்கு வேற வேல இல்லையா?” என்று எரிந்து விழுவார். வேறு வேலை எதுவும் அவருக்கு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். நேரத்தைச் சொன்ன பிறகு மற்றவர்கள் சும்மா இருக்க, அவர் மட்டும் ஒன்று சேர்த்துக்கொள்வார். முதலில் இரண்டு இருமல். அப்புறம், “நாப்பத்தொண்ணு. சாயங்காலம் ஆறரை. இன்னும் இருக்கேன்.”

போன மாதம் அவரிடமிருந்து பதிவு நின்றுபோனது. முதல் நாள், மறந்திருப்பார் என்று விட்டான். இரண்டாம் நாள் போன் செய்தான், மணி அடித்து ஓய்ந்தது. ஊர்ப்பட்ட கோபத்தோடு எடுக்காமல் இருக்கிறார் என்று நினைத்தான். இனியும் விட்டுப்போனால் அவரை ஆராய்ச்சியிலிருந்தே நீக்க வேண்டி வரும், ஒருவர் குறைந்தால் பெரிய டாக்டர் ஒரு வாரத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அவன் மனைவிக்கும் நெஞ்சில் உலோக வால்வுதான். ஆறு வருஷமாயிற்று. நாற்பத்தொன்றுக்கு வைத்த அதே கம்பெனி, அதே அளவு. வீட்டில் ஒரு சோதனைப் பெட்டி கிடந்தது. ராத்திரி அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் நெஞ்சில் வைத்து ஒரு நிமிடம் எடுத்தான். பழைய பதிவிலிருந்து அந்த இருமலையும் குரலையும் வெட்டி முன்னால் ஒட்டினான். நாற்பத்தொன்றின் பெயரில் ஏற்றினான். இதற்கு முன்னாலும் இரண்டு தடவை செய்ததுதான். மறுவாரமே மனுஷர் வந்து திட்டியிருக்கிறார், ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

இந்தத் தடவை பதினோரு நாள் அப்படி ஏற்றினான். பன்னிரண்டாம் நாள், நாற்றம் தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்தார்கள்.

கம்ப்யூட்டர் கோளாறு, பழைய பதிவையே தினமும் புதிதுபோலக் காட்டியிருக்கிறது என்று சொன்னான். எல்லோரும் நம்பினார்கள். சிஸ்டர் மட்டும் ரொம்ப நேரம் அழுதாள். அவன் நாற்பத்தொன்றின் பெயருக்கு நேராக ‘முடிந்தது’ என்று பதிந்து மூடினான்.

மூடிய பெயரில் இப்போது ஒரு பதிவு. நேற்றுத் தேதி. மாலை ஆறரை.

ஹெட்ஃபோனை மாட்டினான். இரண்டு இருமல். “நாப்பத்தொண்ணு. சாயங்காலம் ஆறரை. இன்னும் இருக்கேன்.” தான் வெட்டி ஒட்டிய துண்டாக இருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டான். ஆனால் அந்தத் துண்டில் பின்னால் ஒரு பஸ் ஹாரன் உண்டு, பதினோரு தடவை கேட்டு அவனுக்கு மனப்பாடம். இதில் ஹாரன் இல்லை. டிக், டிக் என்று வால்வு அடிக்கத் தொடங்கியது. கூடவே எங்கோ ஒரு குழாய் சொட்டியது, மூன்று சொட்டு விழுந்து கொஞ்சம் நின்று இன்னொரு சொட்டு விழும் குழாய், பிளம்பரைக் கூப்பிட வேண்டும் என்று அவன் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கும் குழாய். நாற்பதாவது வினாடியில் ஒரு ஆண் குரல் தூரத்திலிருந்து கேட்டது. “துண்ட எங்க வச்ச?” மைக்குக்கு மிக அருகில், நெஞ்சுக்கூட்டுக்கு உள்ளிருந்தே வருவதுபோல ஒரு பெண் சிரித்தாள். “உங்க தோள்லதாங்க இருக்கு.”

நேற்றுக் குளிக்கப் போகும்போது அவன் கேட்டது. அவள் சொன்னது.

அலமாரியைத் திறந்து பார்த்தான். இறந்தவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி பிளாஸ்டிக் பையில் முத்திரையோடு அப்படியே இருந்தது. அதன் பேட்டரி தனிப் பையில் இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான். “நேத்து ஆறரைக்கு நீ எங்க இருந்த?”

“பால்கனில. ஏங்க, கொலை கேஸா?”

“வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?”

“நம்ம வீட்டுக்கு மீட்டர் பாக்குறவரத் தவிர யாரு வர்றா?” சிரித்தாள். அப்புறம் நெஞ்சைத் தடவிக்கொண்டாள். “ஒரு நிமிஷம் மட்டும் இங்க கனமா இருந்துச்சு. எதையோ தூக்கி வச்ச மாதிரி. அப்புறம் சரியாப் போச்சு.”

அவளுடைய டிக் அவர்கள் குடும்பத்தின் மூன்றாவது ஆள். அறுவை முடிந்து வந்த புதிதில் அவளுக்கு அதைக் கேட்டுத் தூக்கம் வராது; பிறகு அதைக் கேட்காமல் அவனுக்குத் தூக்கம் வராது என்று ஆகிப்போனது. தினமும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை, மேஜை மூலையில் லேசாக இடித்தாலும் வாரக்கணக்கில் நீலம் பாரித்த தோல், காய் நறுக்கும்போது விரலில் பட்டுவிட்டால் வீடே அல்லோலகல்லோலம் என்று எல்லாவற்றோடும் அவள் வாழப் பழகியிருந்தாள். “என்னைத் தொலச்சிட்டா போலீஸ் வேண்டாம், சத்தம் கேட்டே வந்துடலாம்” என்பாள். சண்டை வந்தால் அவளால் கோபத்தை மறைக்க முடியாது, வேகம் காட்டிக்கொடுத்துவிடும். பத்தடி தள்ளியிருந்தே அவள் மனசு தெரிகிற புருஷன் உலகத்தில் எத்தனை பேர்?

அன்று ராத்திரி அவள் நெஞ்சில் காதை வைத்தான். டிக் இருந்தது. ஆனால் யாரோ அதைத் துணியில் சுற்றி வைத்ததுபோல இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஓடினான். எக்கோ எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். பெரிய டாக்டரே திரையில் காட்டினார்: வால்வின் இரண்டு இலையும் புதுக் கதவுபோலத் திறந்து மூடின. “எல்லாம் ஜோரா இருக்கு. உன் காதுலதான்யா அழுக்கு” என்று சொல்லி முதுகில் தட்டினார். அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். டாக்டர், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன் என்று நாலு வார்த்தைதான். சிஸ்டரின் ஒரு நடையை மிச்சம் பிடிக்கப் பதினோரு நாள் பொய்யை ஏற்றிய கதையை எப்படி ஆரம்பிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. வேலை போகும், ஆராய்ச்சி போகும், போலீஸும் வரலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று வந்துவிட்டான்.

புதன்கிழமை சாயங்காலம் ஆறு மணியிலிருந்தே அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். சோதனைப் பெட்டியை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தான். ஆறரை ஆனது. அவள் இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். சேலை மடிப்பு கொஞ்சம் உள்ளே அழுந்தியது. செவ்வகமாக. ஒரு சோப்பு டப்பா அளவுக்கு. அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். ஒரு நிமிடம் கழித்து மடிப்பு மெல்ல மேலே எழும்பியது.

வியாழக்கிழமை காலை நாற்பத்தொன்றின் பதிவில் இருமல் இருந்தது, குரல் இருந்தது, முன்னெப்போதையும்விடத் தெளிவான டிக் இருந்தது. அதற்கு மேலே, மைக்கின் மேலேயே குனிந்து விட்டதுபோல இன்னொரு மூச்சு இருந்தது. பயந்த மூச்சு. அது தன்னுடையது என்று கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டாவது தடவை கேட்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் அவன் மேஜைக்கு வந்து நின்றாள். அவள்தான் அன்றைக்கு உடைத்த கதவுக்குள் போனவள்.

“காதண்ணா, ஒண்ணு கேக்கணும். ரெண்டு வாரமா மண்டையக் குடையுது.”

“என்ன?”

“அவரு குளியலறைப் பக்கம் விழுந்து கிடந்தாரு. இடுப்பு எலும்பு போயிருக்கு, எந்திரிக்க முடியல. போன் கூடத்துல. பெட்டி மட்டும் நெஞ்சு மேல இருந்துச்சு. விழுந்ததுக்கு அப்புறம் மூணு நாளாவது உயிர் இருந்திருக்கும்னு சொல்றாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பெட்டில பேட்டரி இல்லண்ணா. அவரே கழட்டியிருக்காரு. கைக்குள்ள வச்சு இறுக்கி மூடியிருந்தாரு, விரலப் பிரிக்கவே முடியல. சாகக் கிடக்குற மனுஷன் எதுக்குண்ணா பேட்டரியக் கழட்டணும்?”

அவனுக்குத் தெரிந்தது.

ஆராய்ச்சியில் சேர்ந்த அன்று அவரைச் சத்தம் புகாத பஞ்சு ரூமில் உட்கார வைத்து முதல் பதிவு எடுத்தது அவன்தான். மூலை நாற்காலியில் சட்டையைத் திறந்துபோட்டு உட்கார்ந்துகொண்டு, “தம்பி, நான் தனிக்கட்ட. நான் செத்தா உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: “பயப்படாதீங்க சார். ரெண்டே நாள்ல தெரிஞ்சிடும்.” பதிவு வராவிட்டால் தேடி வருவார்கள். பெட்டியில் உதவி கேட்டால் அதை யார் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரியாது, இந்த ஒரு வாக்குதான் தெரியும்; அதை நம்பித்தான் அவர் பேட்டரியைக் கழற்றினார். தன் சத்தம் தவறிக்கூடப் போய்விடக் கூடாது என்று கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, தரையில் கிடந்து, கதவைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். தேடி வர வேண்டிய நாளில் இங்கே பட்டியலில் அவர் “இன்னும் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“என்னண்ணா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?”

“ஒண்ணுமில்ல. பசி.”

சனிக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். “ஏங்க, என் சத்தம் எனக்கே கேக்கல. தூங்கவே விடாம பண்ணின சனியன். இப்ப அது இல்லாம பயமா இருக்கு.” அவள் கையைப் பிடித்தான். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாத்திரம் போலச் சில்லென்று இருந்தது. அவனால் அதற்குமேல் முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். வெட்டி ஒட்டியது, பதினோரு நாள், பேட்டரி, சேலை மடிப்பு.

அவள் கத்துவாள் என்று நினைத்தான். கத்தவில்லை. மடித்த துண்டைப் பிரித்து, மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“பாவி. உங்களத்தானே நம்பிக் கெடந்தாரு” என்றாள் கடைசியில்.

“தெரியும்.”

“முதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க. இப்பவே போன் போடுங்க.”

“திங்கக்கிழமை நேர்ல சொல்லிடறேன். சத்தியமா. அதுக்கு முன்னாடி உன் சத்தத்த மீட்கணும். உன் நெஞ்ச அவர் பேர்ல எழுதினதாலதான இவ்வளவும்? அதையெல்லாம் அழிச்சிட்டு, உனக்குன்னு ஒரு நம்பர் போட்டு, உன் பேர்லயே பதிஞ்சிடுவோம். அறுபத்தொண்ணு. நாளைக்கே.”

“போன் போடுங்கங்க.”

“திங்கக்கிழமை” என்றான் அவன். அவனுக்கு அந்த ஒரு வாய்தாவாவது வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிலையத்தில் ஈ காக்கை இல்லை. வாட்ச்மேன் மூன்று மாடி கீழே வாசலில் இருந்தார். வராந்தாவில் பினாயில் வாடையும், அதற்கடியில் மூடிக்கிடந்த கட்டடத்தின் புழுங்கல் வாடையும் இருந்தன. சாயங்கால வெயில் கடைசி ஜன்னல்வரை வந்து அதற்குமேல் வர மனமில்லாமல் நின்றது. பஞ்சு ரூம் கோடியில் இருந்தது. சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாவற்றிலும் ஒரு சாண் கனத்துக்குப் பஞ்சு மெத்தை அடித்த அறை, உள்ளே நின்றால் சொந்த ரத்தம் ஓடுவதே காதில் கேட்கும். செல்போன் பக்கத்தில் இருந்தால் மைக்கில் இரையும் என்பதால் இரண்டு போனையும் வழக்கம்போல வெளியே மேஜையில் வைத்தான். கதவின் உள்கைப்பிடி திருகினால் திறக்காமல் வெறுமனே ஆடத் தொடங்கிப் பல மாதம் ஆகிறது; கடிதம் எழுதி எழுதி அலுத்துப்போய், கதவிடுக்கில் துணி சுற்றிய ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவதும், கதவை மூட வேண்டியிருந்தால் திறந்துவிட வெளியே ஒருவரை நிறுத்துவதும் பழக்கமாகியிருந்தது. இன்று வெளியே ஆளில்லை. செங்கல்லைக் காலால் அழுத்தி இரண்டு தடவை சரிபார்த்தான்.

அவளை மேஜைப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தான். மூலை நாற்காலி அவன் முதுகுக்குப் பின்னால் காலியாகக் கிடந்தது. அதைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைத் திறந்தான்.

“பயமா இருக்கா?”

“உங்க மூஞ்சியப் பாத்தாத்தான் பயமா இருக்கு. சீக்கிரம் முடிங்க.”

நாற்பத்தொன்றின் பெயரைத் திறந்து, முன்பு இரண்டு தடவை ஏற்றியதை முதலில் நீக்கிவிட்டு, இந்தத் தடவை ஏற்றிய பதினொன்றையும் ஒவ்வொன்றாக அழித்தான். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று ஒவ்வொரு தடவையும் திரை கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆம் என்று தட்டினான். நாலாவதில் அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எட்டாவதில், “ஏசியக் கொறைங்க” என்றாள். ஏசி போடவே இல்லை. பதினொன்றாவதை அழித்தான்.

மணி ஆறு இருபத்தெட்டு.

புதுப் பக்கம் திறந்தான். அறுபத்தொன்று என்று அடித்து, அவள் பெயரை எழுத்தெழுத்தாக அடித்தான். மைக்கை அவள் நெஞ்சில் வைத்தான். ஹெட்ஃபோனை மாட்டினான்.

ஒன்றுமில்லை.

மைக்கைக் கொஞ்சம் நகர்த்தினான். இன்னும் கொஞ்சம். திரையில் ஒரு கோடு, மேஜை விளிம்புபோல நேராக ஓடியது. “என்ன, கேக்குதா?” என்று அவள் கேட்டாள். கேள்வி காதில் இடிபோல விழுந்தது. அவள் குரல் இருக்கிறது. மூச்சு இருக்கிறது. கண் சிமிட்டுகிறாள். நடுவில் அடிக்க வேண்டியது மட்டும் இல்லை. ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவள் நெஞ்சில் காதை வைத்து அழுத்தினான்.

சேலையின் சோப்பு வாசனை. குளிர்.

அப்போதுதான் கேட்டது.

டிக்.

அவள் நெஞ்சிலிருந்து இல்லை. பின்னாலிருந்து.

டிக். டிக். அவனுக்கு அது யாருடையது என்று தெரியும். ஆறு வருஷம் அதைக் கேட்டுத் தூங்கியவன். பிசகில்லாமல், பளிச்சென்று, அறுவை முடிந்து முதல் நாள் கேட்டதுபோலவே அது அடித்தது. கதவிடுக்கு வழியாக வராந்தாவிலிருந்து வருகிறதா, உள்ளேயிருந்தா? கடிகாரமா? வராந்தாவில் கடிகாரம் கிடையாது. ஒரு சத்தம் வெளியே இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அவன் தொழிலில் ஒரே வழிதான் உண்டு. பத்து வருஷமாகச் செய்த வழி. மூளை யோசிப்பதற்குள் கால் செய்துவிட்டது.

செங்கல்லை உதைத்துத் தள்ளினான்.

கதவு தன் கனத்திலேயே வந்து மூடியது. ‘தப்.’ காதில் தண்ணீர் ஏறியதுபோல ஓர் அழுத்தம். வெளியுலகம் அறுந்துபோனது.

டிக்.

உள்ளேதான்.

டிக். மூலை நாற்காலி.

திரும்பினான். நாற்காலி காலியாக இருந்தது. டிக். இப்போது நாற்காலிக்கு முன்னால். டிக். மேஜை அருகே. டிக். அவன் வலது தோளைத் தொட்டுக்கொண்டு கடந்தது. அழுகிய வாடை ஒன்று, லேசாக. அவளைப் பார்த்து நகர்ந்தது. அவன் கை நீட்டினான். கையில் எதுவும் படவில்லை.

டிக் நின்றது.

அவள் இருமினாள். ஒரு தடவை.

இன்னொரு தடவை.

“வேண்டாம்” என்றான். “வேண்டாம்மா. பேசாத.”

அவள் நெஞ்சில் ஒரு பெட்டி இருந்தது. சோப்பு டப்பா அளவு. கிழிந்த பிளாஸ்டிக் பையின் முத்திரை அதில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கையால் அதை அழுத்திப் பிடித்திருந்தாள். வலது கை மடியில் இறுக மூடியிருந்தது.

“நாப்பத்தொண்ணு” என்றாள். அவள் குரல்தான். “சாயங்காலம் ஆறரை. இன்னும் இருக்கேன்.”

டிக், டிக், டிக். அவள் நெஞ்சிலிருந்தே. திரையில் நாற்பத்தொன்றின் பக்கம் தானாகத் திறந்து, கூர்கூராக ஒரு கோடு எழும்பி எழும்பி ஓடியது. கீழே அவள் பெயர் போட்ட கோடு நேராகவே கிடந்தது.

கதவிடம் ஓடினான். கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். அது அவன் கையோடு வந்தது. முஷ்டியால் குத்தினான், தோளால் இடித்தான். பஞ்சு அவ்வளவையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தது. கத்தினான். தன் கத்தல் வாயைத் தாண்டிப் போகவில்லை என்று அவன் காதுக்கே தெரிந்தது. யாராவது வருவார்கள். நாளைக்குக் காலையில் வந்துவிடுவார்கள். பதிவு வராவிட்டால் தேடி வருவார்கள்.

யார் பார்த்து? பட்டியல் பார்ப்பவன் உள்ளே இருந்தான். பார்த்தாலும்தான் என்ன? அறுபதும் வந்திருக்கும். ஒன்றும் குறைந்திருக்காது.

கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு கீழே சரிந்தான். அவள் எழுந்து வந்தாள். இடுப்பு ஒடிந்தவர் நடப்பதுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் வந்து அவனுக்கு எதிரே தரையில் மெல்லப் படுத்தாள். கதவைப் பார்த்தபடி படுத்தாள். பெட்டியின் சிவப்பு விளக்கு அவள் மோவாயில் விழுந்தது. மூடியிருந்த வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டி, விரல்களை ஒவ்வொன்றாக, கஷ்டப்பட்டுப் பிரித்தாள்.

உள்ளங்கையில் பேட்டரி இருந்தது.

“பயப்படாதீங்க சார்” என்றாள். “ரெண்டே நாள்ல தெரிஞ்சிடும்.”